நாலு மணி நீச்சல்

பதினேழாவது கேள்வியில் சின்ன டாக்டர் மாட்டிக்கொண்டாள்.

படிவத்தின் முதல் பதினாறு கேள்விகளும் சுலபமாகத்தான் போயின. தூக்கம் எத்தனை மணி நேரம், சாப்பாடு எத்தனை வேளை என்று எண்ணிக்கையாகக் கேட்டிருந்தார்கள். மனதில் தோன்றிய சின்ன எண்களை எழுதிக்கொண்டே வந்தாள். பதினேழாவது கேள்வி இப்படி இருந்தது: 'கடந்த ஒரு வாரத்தில் முழுக்க முழுக்க உங்களுக்காக மட்டும் நீங்கள் செய்த ஒரு செயலைக் குறிப்பிடுக.'

குழந்தைகள் பிரிவில் மேற்படிப்புப் பயிற்சியில் அவளுக்கு இது இரண்டாவது வருஷம். பிரிவின் தலைவருக்குப் பெரிய டாக்டர் என்றும் அவளுக்குச் சின்ன டாக்டர் என்றும் பெயர் வைத்தவர்கள் நோயாளிக் குழந்தைகளின் பெற்றோர்கள். பெரிய டாக்டர் காலையில் ஒருமுறை வந்து எல்லாக் கட்டில்களையும் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார். அவர் எதற்கெல்லாம் தலையாட்டினாரோ அதையெல்லாம் செய்து முடிப்பது சின்ன டாக்டரின் வேலை.

நர்ஸ் மேசை ஓரத்தில் நின்றபடியே யோசித்தாள். தனக்காக மட்டும். போன வாரம். கடைசியில் ஓர் உண்மை அகப்பட்டது. 'நகம் வெட்டினேன்' என்று எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு, எட்டாம் கட்டில் குழந்தைக்கு ட்ரிப் ஏற்ற ஓடினாள்.

பெயர் எழுத வேண்டாம் என்று படிவத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பெயர் எதற்கு? அந்தப் பிரிவிலேயே மற்றவர்களால் படிக்க முடிகிற கையெழுத்து உள்ள ஒரே டாக்டர் அவள்தான். மறுநாள் காலையிலேயே பெரிய டாக்டர் கூப்பிட்டனுப்பிவிட்டார்.

"நகம் வெட்டினதுதான் உங்க சொந்த வாழ்க்கையாம்மா?" என்றார் அவர், படிவத்தைத் தூக்கிக் காட்டி.

"ஆமா சார். வியாழக்கிழமை."

"பத்து விரலுமா?"

"ஒரு கை மட்டும்தான் சார். அதுக்குள்ள கூப்பிட்டுட்டாங்க."

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "பயிற்சிக் கவுன்சில் இந்த வருஷம் புதுசா ஒன்னு ஆரம்பிச்சிருக்கு. ட்ரெயினிங்ல இருக்கற டாக்டருங்க நல்லா இருக்காங்களா, சொந்த வாழ்க்கைன்னு ஏதாவது இருக்கான்னு பாக்கறாங்களாம். ஒரு ஆஸ்பத்திரில எலும்புப் பிரிவுல யாருமே சந்தோஷமா இல்லைன்னு சொல்லி அங்கீகாரத்தை நிறுத்தி வெச்சுட்டாங்க. இப்ப அங்க எல்லாரும் இன்னும் வருத்தமா இருக்காங்க."

"நான் என்ன சார் பண்ணணும்?"

"சந்தோஷமா இருக்கணும். படிவத்துல இருந்தா போதும்."

புதுப் படிவம் ஒன்றை நீட்டினார். அவள் அப்போதுதான் அன்றைக்குப் பதினோராவது தடவையாகக் கை கழுவிவிட்டு வந்திருந்தாள். தண்ணீரைத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை. 'நீச்சல்' என்று எழுதினாள்.

பெரிய டாக்டர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, எவ்வளவு சுலபம்" என்று சொல்லி, "நேரம் போடலைன்னா நம்ப மாட்டாங்க" என்று தன் கையாலேயே பக்கத்தில் சேர்த்தார்: 'தினமும் மாலை நான்கு மணிக்கு.'

பத்து நாள் கழித்துக் கவுன்சிலிடமிருந்து கடிதம் வந்தது. ஒரு பயிற்சி டாக்டர் தினமும் நாலு மணிக்கு நீந்தப் போகிறார் என்பது தங்களுக்குப் பெரும் மகிழ்ச்சி அளிப்பதாகவும், இந்த மாதம் இப்படி ஒன்றை வேறெந்தப் பிரிவும் தெரிவிக்கவில்லை என்றும், இருவர் கொண்ட குழு அடுத்த வெள்ளிக்கிழமை நேரில் வந்து அந்த நீச்சலைக் காண விரும்புவதாகவும் எழுதியிருந்தார்கள்.

கடிதத்தை இரண்டு தடவை படித்தாள் சின்ன டாக்டர்.

"சார், எனக்கு நீச்சல் தெரியாது."

"இன்னும் எட்டு நாள் இருக்கே" என்றார் பெரிய டாக்டர். "மூணு வயசுக் குழந்தையெல்லாம் கத்துக்குது. நீங்க அதுங்களுக்கு டாக்டர். இன்னைலேர்ந்து தினமும் நாலு மணிக்கு நீங்க கிளம்பலாம். நான் சொன்னேன்னு சொல்லுங்க."

அவர் கிளம்பத்தான் சொன்னார். நாலு மணிக்குச் செய்ய வேண்டிய வேலையை யார் செய்வார்கள் என்று சொல்லவில்லை. அதற்கு அவள் 'தாடி'யைப் பிடித்தாள். தாடி முதல் வருஷப் பயிற்சி டாக்டர். சேர்ந்த நாளிலிருந்து சவரம் செய்ய நேரம் கிடைக்காததால் வந்த பெயர் அது.

"நாலுலேர்ந்து அஞ்சரை வரைக்கும் பாத்துக்கறேன்கா" என்றான் தாடி. "பதிலுக்கு என்னோட காலை ஆறு மணி ரத்தம் எடுக்கற வேலையை நீங்க பண்ணிடுங்க."

"அது இருபத்தெட்டுக் குழந்தைங்கடா."

"சின்னக் குழந்தைங்கதான்கா."

ஒன்றரை மணி நேரத்தைக் கொடுத்து இரண்டு மணி நேரத்தை வாங்கிக்கொண்டாள். ஐந்தரைக்கே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. ஏன் என்று கேட்ட கணவரிடம், "டியூட்டியை மாத்திட்டாங்க" என்று மட்டும் சொன்னாள்.

கணவர் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். எட்டு மாதமாக, எங்கேயாவது ஒரு சாயங்காலம் சேர்ந்து வெளியே போகலாமா என்று வாரம் ஒருமுறை கேட்பார். நேரமில்லை என்று வாரம் ஒருமுறை அவள் சொல்வாள். அப்படிப்பட்டவரிடம் 'நான் தினமும் நாலு மணிக்கு நீச்சலுக்குப் போறேன்' என்று எந்த வாயால் சொல்வது? பேசாமலிருப்பது நல்லது என்று தோன்றியது.

குளம் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. நகராட்சிக் குளம். ஓரத்தில் நிழற்கூரை போட்டு இரண்டு நீளப் பெஞ்சுகள், குளோரின் வாசனை, ஆழத்தை மீட்டரில் எழுதி வைத்த ஓடுகள். நீச்சல் சொல்லித் தருகிற கோச் ஐம்பது வயதுப் பெண்மணி. கழுத்தில் விசில் தொங்கும். யாருக்காகவும் அவசரப்படாதவர்.

முதல் நாள் சின்ன டாக்டர் இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கையை எடுங்க. மல்லாந்து படுங்க. உடம்பைத் தளர விடுங்க" என்றார் கோச்.

"எந்தத் தசையை?"

"எல்லாத்தையும்."

"எல்லாத்தையும் ஒரே நேரத்துலயா?"

அறுநூற்றுச் சொச்சம் தசைகளுக்கும் பெயர் சொல்லித் தேறியவள் அவள். எது எங்கே ஒட்டியிருக்கிறது, எந்த நரம்பு அதை இழுக்கிறது என்று கேட்டால் மடமடவென்று சொல்வாள். ஆனால் தளர விடுவது பாடத்தில் இல்லை. படுத்தால் கழுத்து விறைத்தது. கழுத்தைச் சரிசெய்தால் இடுப்பு மடங்கி, உட்கார்ந்த நிலையில் அப்படியே அடியில் இறங்கினாள்.

"டாக்டருங்க எல்லாரும் இப்படித்தான்" என்றார் கோச், அவளைத் தூக்கி நிறுத்தி. "உங்களை மிதக்க வைக்கறதுக்குள்ள எனக்கு மூச்சு முட்டுது."

நாலாம் நாளும் சுவர்தான். ஐந்தாம் நாளும் சுவர்தான். காதில் தண்ணீர் புகுந்ததில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் எல்லாக் குழந்தைகளின் நெஞ்சிலும் குளம் கேட்டது.

இதற்கிடையே பெரிய டாக்டர் குழுவிடம் கொடுக்க ஓர் அறிக்கை தயாரித்துக்கொண்டிருந்தார். அதில் 'குடும்பத்தார் கருத்து' என்று ஒரு பகுதி காலியாக இருந்தது. அலுவலகக் கிளார்க்கிடம், "அந்தம்மா வீட்டுக்காரருக்கு ஒரு போன் போட்டு ரெண்டு வரி வாங்கிடுங்க" என்றார்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு, சின்ன டாக்டர் ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தபோது, கணவர் காபி டம்ளரோடு வாசலில் வந்து நின்றார்.

"நேத்து உன் ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்துச்சு."

"என்னவாம்?"

"உன்னோட நீச்சல் நம்ம குடும்ப வாழ்க்கையை எப்படி மேம்படுத்தியிருக்குன்னு கேட்டாங்க. ரெண்டு வரில சொல்லணுமாம்."

மறுகால் செருப்பு அந்தரத்தில் நின்றது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யோசிச்சு சொல்றேன்னேன்." அவர் குரலை உயர்த்தவில்லை. "தினமும் நாலு மணிக்காமே."

"ஐயோ, நான் நீந்தலைங்க. எனக்கு நீச்சலே தெரியாது."

"அப்ப நாலு மணிக்கு எங்க போற?"

"நீச்சல் குளத்துக்கு."

கணக்கு ஆசிரியர் ஒரு மடக்குக் காபி குடித்தார். ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு விடைகளைப் பார்த்தால் உடனே தப்புப் போட்டுவிடுகிறவரல்ல அவர்.

"அங்க போய் என்ன பண்ற?"

"சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன்."

படிவம், நகம், பெரிய டாக்டர், குழு என்று எல்லாவற்றையும் நின்ற நிலையில் கொட்டித் தீர்த்தாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது கட்டிவிட்ட கதைபோல இருந்தது.

அவர் முழுக்கக் கேட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

"ஒரு ஸ்கூல்ல துணைத் தலைமையாசிரியர் வேலை. இங்கேர்ந்து ஆறு மணி நேரம். சனிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். வேண்டாம்னுதான் இருந்தேன்." கடிதத்தை மடித்தார். "நான் ஒரு கணக்குப் போட்டுப் பாத்தேன். இந்த எட்டு மாசத்துல நாம ரெண்டு பேரும் ஒரே நேரத்துல முழிச்சிருந்தது மொத்தம் நாப்பத்தொரு மணி நேரம். அதுல பாதி, நீ செருப்பு மாட்டற நேரம். நான் அங்க இருந்தா என்ன, இங்க இருந்தா என்னன்னு தோணுது."

அவள் மறுகால் செருப்பையும் மாட்டினாள். வேறொரு நாளாக இருந்திருந்தால் உட்கார்ந்து அழுதிருப்பாள். இருபத்தெட்டுக் குழந்தைகள் ரத்தம் கொடுக்கக் காத்திருந்தார்கள்.

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் குளத்துக்கு வாங்க" என்றாள். "நான் நீந்தறேனா இல்லையான்னு நீங்களே பாருங்க. அப்புறம் பதில் எழுதுங்க."

கணவர் பார்க்க வருகிறார் என்று பெரிய டாக்டரிடம் அனுமதி கேட்டதுதான் அவள் செய்த அடுத்த தப்பு.

"வீட்டுக்காரரும் வர்றாரா?" பெரிய டாக்டர் நாற்காலியிலேயே நிமிர்ந்துவிட்டார். "இதை ஏம்மா முன்னாடியே சொல்லலை?" அன்று மதியமே குழுவுக்குத் திருத்தப்பட்ட அறிக்கை போயிற்று. அதில் 'நீச்சல்' என்றிருந்த இடத்தில் 'கணவருடன் நீச்சல்' என்று இருந்தது.

விஷயத்தைக் கணவரிடம் போனில் சொன்னாள்.

"எனக்கும்தான் நீச்சல் தெரியாது" என்றார் அவர்.

"தெரியும். மன்னிச்சுக்கோங்க."

"ஆழம் எவ்வளவு?"

"ஒரு பக்கம் இடுப்பளவுதான்."

"சரி, வர்றேன். நிக்கறது எனக்கு நல்லா வரும். பதினாலு வருஷமா வகுப்புல அதைத்தான் பண்றேன்."

வெள்ளிக்கிழமை வந்தது. ஆறு மணிக்கு ஊசியோடு ஆரம்பித்த நாள். பத்து மணிக்கு வலிப்போடு ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். அது அடங்கி, கண் திறந்து, அம்மாவைத் தேடி அழ ஆரம்பிக்கும்போது மணி இரண்டாகியிருந்தது. மிச்சமிருந்த கேஸ் ஷீட்டுகளை முடித்துவிட்டு, மதியம் சாப்பிடவில்லை என்பதை மறந்து, நாலு இருபதுக்குக் குளத்து வாசலில் மூச்சு வாங்க வந்து நின்றாள். உடை மாற்றும் அறையில் கண்ணாடியைப் பார்த்தபோதுதான் நீச்சல் தொப்பிக்குக் கீழே ஸ்டெதஸ்கோப் தொங்குவது தெரிந்தது.

வெளியே எல்லாரும் தயாராக இருந்தார்கள். நிழற்கூரையின் கீழே பெஞ்சில் குழு உட்கார்ந்திருந்தது, ஓர் ஆணும் ஒரு பெண்ணும். இருவரும் எதிர்பார்த்ததைவிட இளையவர்கள். ஆனால் முகத்தில் துளி சிரிப்பு இல்லை. கண்கள் இரண்டு பேருக்கும் சிவந்திருந்தன. பெரிய டாக்டர் வரவேற்றபோது தலையை ஒருமுறை அசைத்ததோடு சரி. கோச் தூரத்தில் விசிலோடு வருவதைக் கண்டதும் இருவரும் ஆளுக்கொரு கோப்பைப் பிரித்து முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டார்கள்.

"ரொம்பக் கண்டிப்பானவங்க" என்றார் பெரிய டாக்டர் கிசுகிசுப்பாக. "வந்ததும் வராததுமாப் படிக்க ஆரம்பிச்சுட்டாங்க. எப்படியாவது ஒரு பத்து நிமிஷம் நீந்திடுங்கம்மா."

கணவர் ஏற்கெனவே தண்ணீரில் நின்றிருந்தார், பள்ளி விளையாட்டு ஆசிரியரிடம் கடன் வாங்கிய தொளதொள அரைக்கால் சட்டையில். இரண்டு கைகளையும் பின்னால் கட்டியிருந்தார். தண்ணீருக்குள்ளும் தேர்வறைக் கண்காணிப்பாளர் மாதிரியே இருந்தார்.

சின்ன டாக்டர் இறங்கினாள். தன்னையறியாமல் கை சுவரைத் தேடியது.

"சுவரை விடு" என்றார் கணவர் மெல்ல. "எல்லாரும் பாக்கறாங்க."

"விட்டா மூழ்கிடுவேன்."

"தலையை என் கைல வை. யாருக்கும் தெரியாது. நான் பக்கத்துல நிக்கறவன் மாதிரி நின்னுக்கறேன்."

"கடிதம்..."

"இப்ப படு."

மல்லாந்தாள். அவர் உள்ளங்கை பின்தலையில் வந்து உட்கார்ந்தது. காதுகள் தண்ணீருக்குள் போயின. வார்டின் அழுகை, மானிட்டரின் பீப், தாடியின் 'அக்கா', பெரிய டாக்டரின் 'ஏம்மா' எல்லாம் ஒரே நொடியில் அறுந்துவிட்டன. தலைக்கு மேல் வானம் வெளுப்பாக இருந்தது. பத்து நிமிடம் எப்படியாவது கையைக் காலை அசைத்துவிட வேண்டும் என்று நினைத்தாள். எந்தக் கையை முதலில் அசைப்பது என்று யோசித்தாள்.

அத்தோடு தூங்கிப்போனாள்.

முதலில் கழுத்து தளர்ந்தது, அடுத்து தோள், பிறகு இடுப்பு. கால்கள் தாமாகவே மேலே வந்தன. எட்டு நாள் கோச் தொண்டை வறளச் சொல்லியும் நடக்காதது நடந்தது. அறுநூற்றுச் சொச்சம் தசைகளும் ஒரே நேரத்தில் கையை விரித்துவிட்டன. சின்ன டாக்டர் மிதந்தாள்.

கணவருக்கு மட்டும்தான் விஷயம் தெரிந்தது. அவள் தூங்கும்போது வாய் லேசாகத் திறந்திருக்கும். எழுப்பலாமா என்று ஒருகணம் நினைத்தார். பெஞ்சைப் பார்த்தார், கோப்புகள் அசையவில்லை. கையைத் தலைக்கடியில் அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். அவள் முகத்தில் தண்ணீர் தெறித்தால் மற்ற கையால் துடைத்தார். அலை வந்தால் இடுப்பைத் திருப்பி மறைத்தார். சாயங்கால வகுப்புக்கு வந்த பிள்ளைகள் கூச்சல் போட்டபோது கோச்சைப் பார்த்து ஜாடை காட்ட, கோச் அவர்களை ஆழமான பக்கத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். வெயில் இறங்கியது. கணவருக்கு முதலில் விரல்கள் மரத்தன, பிறகு முழங்கை. மடித்து வைத்த கடிதத்தைப் பற்றி யோசிக்க நிறைய நேரம் இருந்தது. அவர் அதை அதிகம் யோசிக்கவில்லை. இவளை இவ்வளவு நேரம் இவ்வளவு பக்கத்தில் பார்த்து எத்தனை நாளாயிற்று என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

நாற்பது நிமிடம் கழித்துச் சின்ன டாக்டர் தூக்கத்திலேயே, "எட்டாம் கட்டிலுக்கு ட்ரிப் முடிஞ்சிருக்கும்" என்றாள். சொன்ன வேகத்தில் விழித்து, துள்ளி, வாய் நிறையத் தண்ணீர் குடித்து, கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"தூங்கிட்டேனா?"

"கொஞ்சம்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"அதை விடு." அவர் மரத்துப்போன கையை உதறிக்கொண்டார். "அந்த ஸ்கூலுக்கு வரலைன்னு எழுதிடறேன். இன்னைக்கு முடியாது, பேனா பிடிக்க வராது. நாளைக்கு எழுதறேன்."

அவள் குடித்த தண்ணீரையெல்லாம் இருமித் தீர்த்தாள். அவர் தோளிலேயே நெற்றியை வைத்துக்கொண்டாள். அப்போதுதான் பெஞ்சின் நினைவு வந்து திரும்பினாள்.

"போச்சு. குழு பாத்துட்டாங்களே. பிரிவுக்கே அங்கீகாரம் போச்சு."

பெரிய டாக்டர் குளத்தின் விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உதட்டில் விரலை வைத்தார். முகமெல்லாம் பக்தி.

"சத்தம் போடாதீங்கம்மா. பிரமாதம். இவ்வளவு நிம்மதியா ஒரு டாக்டரை நான் பாத்ததே இல்லை. அவங்களும் சொக்கிப்போய்ட்டாங்க. அரை மணி நேரமா ஒரு வார்த்தை பேசலை. கண்ணை மூடிக்கிட்டு மனசுக்குள்ளயே மார்க் போட்டுக்கிட்டிருக்காங்க."

மூவரும் பெஞ்சைப் பார்த்தார்கள். உயர்த்திப் பிடித்திருந்த கோப்புகள் இரண்டும் மடியில் சரிந்திருந்தன. ஆண் உறுப்பினரின் தலை பின்னால் தூணில் சாய்ந்திருந்தது. பெண் உறுப்பினரின் தலை அவர் தோளில் கிடந்தது. இருவருடைய பேனாக்களும் தரையில் உருண்டிருந்தன.

ஆழமான பக்கத்திலிருந்து பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டுத் துண்டோடு வந்த கோச், பெஞ்சருகே நின்று இரண்டு முகங்களையும் மாறி மாறிக் குனிந்து பார்த்தார். பிறகு கழுத்திலிருந்த விசிலைக் கையால் பொத்திக்கொண்டு, பெரிய டாக்டரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"பாவம், எழுப்பாதீங்க சார், இதுங்க ரெண்டும் போன மாசம் ஏதோ குழு பாக்க வருதுன்னு என்கிட்ட ஓடிவந்து நீச்சல் கத்துக்கிட்ட ட்ரெயினிங் டாக்டருங்க, அதுல தேறினவங்களைத்தான் அடுத்த குழுவுல போடறாங்களாம்."